ஒன்பது வயது மகனுக்கு ஓசிடி (எண்ணச் சுழற்சி நோய்): சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் மனநலச் சிகிச்சை) போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மதுரை அம்மா:
மகன் நான்காம் வகுப்பு. ஒரு சோப்பு நாலு நாள்கூட வருவதில்லை; விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் "அம்மா, என் கை சுத்தமா?" என்று இருபது தடவை கேட்பான். "சுத்தம்டா கண்ணு" என்றால் அரை நிமிடம் தாங்கும், அவ்வளவுதான். மாமியார் திருஷ்டியும் கழித்தாயிற்று. மருத்துவர் முதலில் சிபிடி பார்க்கலாம் என்கிறார். பயப்படுகிற பொருளைத் தொடவைத்து, கை கழுவ விடமாட்டார்களாமே? கேட்கவே வயிற்றைப் பிசைகிறது.

திருச்சிக்காரன்:
சகோதரி, எங்கள் மகள் 11 வயதில் போனாள், பதினான்கு வாரம். முதல் இரண்டு வாரம் எதையும் தொடச் சொல்லவே இல்லை. ஓசிடிக்கு ஒரு பெயர் வை என்றார்கள். "தொணதொணப்பான்" என்று வைத்தாள். அப்புறம் ஒவ்வொரு பயத்துக்கும் பத்துக்கு மார்க் போட்டாள். செருப்பு வார் 3, பஸ் கம்பி 6, பள்ளிக் கழிப்பறைக் கதவு 9. தொடங்கியது வாரில்தான். மூன்று என்று போட்டவள் தொட்டதும் ஆறு என்றாள். கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆறு, ஆறு, ஐந்து... முக்கால் மணி நேரத்தில் இரண்டு. நடுங்கியது என் கைதான். அடுத்தது எது என்பதையும் அவளைக் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள். கதவுக்கு வந்து சேர்ந்தது பதினோராவது வாரம்.

கோவை உளவியலாளர்:
மேடம், நீங்கள் கேள்விப்பட்டதற்கு ஈஆர்பி என்று பெயர்; ஓசிடிக்கான சிபிடியில் அதுதான் முக்கியப் பகுதி. கட்டாயப்படுத்தித் தொடவைத்தால் அது சிகிச்சையே இல்லை. அதேபோல் "மனதைத் திடமாக வை" என்று பேசியே அனுப்பிவிடுகிறவரிடமும் போகாதீர்கள்; ஈஆர்பி செய்வீர்களா என்று நேராகக் கேளுங்கள். 2004இல் அமெரிக்காவில் ஓசிடி உள்ள, 7 முதல் 17 வயது வரையிலான 112 பேரிடம் 12 வாரம் ஆய்வு செய்தார்கள். நோய் அநேகமாக அடங்கிப்போனவர்கள் சிபிடியில் சுமார் 39 சதவீதம், செர்ட்ராலின் மாத்திரையில் 21, இரண்டும் சேர்ந்தால் 54, வெற்று மாத்திரையில் 4. அதனால் பின்னால் மாத்திரை தேவைப்பட்டாலும் மிரள வேண்டாம். இன்னொன்று, உங்கள் "சுத்தம்டா கண்ணு"தான் ஓசிடிக்குத் தீனி. ஆனால் சட்டென்று நிறுத்தாதீர்கள். அவனிடம் சொல்லிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

மதுரை அம்மா:
இருவருக்கும் நன்றி. வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். அவனும் பெயர் வைத்துவிட்டான், "சோப்பு மாமா"வாம். நேற்று இரவு ஐந்து தடவைக்கு மேல் பதில் சொல்லமாட்டேன் என்று பேசி வைத்தோம். ஆறாவது தடவை அவன் என்னை விட்டுவிட்டுப் பாட்டியிடம் போய்க் கேட்டான். அவரும் "சுத்தம்டா ராசா" என்றார். மாமியாருக்கும் சேர்த்து நேரம் வாங்கலாமா சார்?