க்ரான்-மேர் என்பதில் பெண்பால் விகுதி எங்கே போனது?

தூக்கணாங்குருவி:
பிரெஞ்சில் இப்போதுதான் குடும்பப் பாடத்துக்கு வந்திருக்கிறேன். பெயரடை, பெயர்ச்சொல்லின் பாலுக்கு ஏற்ப மாறும் என்றார்கள். தம்பி பெத்தி ஃப்ரேர், தங்கை பெத்தீத் ஸெர், அதுவரை சரி. அப்புறம் பாட்டி வருகிறாள், க்ரான்-மேர். மேர் (அம்மா) பெண்பால்தானே, க்ரான் (பெரிய) என்பது க்ரான்த் என்றல்லவா மாறவேண்டும்? மாமியாருக்கு 'அழகான அம்மா' (பெல்-மேர்) என்று பெயர் வைத்தது யார்? இன்னொன்று, 'அவனுடைய அம்மா' என்பதற்கு ஸா மேர்தான் சரியாம். அவன் ஆண் ஆயிற்றே, ஸோன் வராதா?

ஒற்றைப்பனை:
க்ரான் லத்தீனின் கிராந்திஸிலிருந்து வந்தது, அதற்கு ஆண்பால் பெண்பால் இரண்டுக்கும் ஒரே வடிவம். பழைய பிரெஞ்சிலும் அப்படியே இருந்தது. மற்ற பெயரடைகளைப் பார்த்து இதற்கும் கடைசியில் 'e' எழுத்தைச் சேர்த்தது பிற்பாடுதான். அதற்குள் ஒட்டிப்போன பாட்டி தப்பித்துக்கொண்டாள். இதில் வேடிக்கை, ஏதோ எழுத்து விழுந்துவிட்டது என்று நினைத்து நெடுங்காலம் நடுவில் அபாஸ்ட்ரஃபி (எழுத்து விடுபட்டதைக் காட்டும் ' குறி) போட்டே எழுதினார்கள். பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியின் 1932-35 பதிப்பில்தான் அதை எடுத்துவிட்டு இணைப்புக்கோடு போட்டது.
போ, பெல் ('அழகான' என்பதன் ஆண்பால், பெண்பால் வடிவங்கள்) எல்லாம் இடைக்காலத்தில் மரியாதைக்குச் சேர்த்த அடைமொழி, அழகைப் பற்றிய தீர்ப்பு இல்லை. போ-பெர் என்றால் மாமனாராகவும் இருக்கலாம், அம்மாவின் இரண்டாவது கணவராகவும் இருக்கலாம், சூழலை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

வெயில்நதி:
ஸோன், ஸா விஷயத்தில் உடையவரை மறந்துவிடுங்கள், உறவைப் பாருங்கள். அவனுடைய அம்மா, அவளுடைய அம்மா இரண்டும் ஸா மேர். இருவரின் அப்பாவும் ஸோன் பெர். தமிழில் அவன், அவள் என்று உடையவரிடம் காட்டும் வித்தியாசம் அங்கே காணாமல் போகும், அதனால்தான் நமக்கு இடிக்கிறது. ஒரே விலக்கு, உயிரொலியில் தொடங்கும் பெண்பால் சொல்லுக்கு முன்னால் ஸா போய் ஸோன் வரும், 'என்' என்னும் மா போய் மோன் வரும். தோழி பெண்தான், ஆனாலும் மோன் அமீ.

கடைசிபெஞ்ச்:
பெயரடை பெரும்பாலும் பெயருக்குப் பின்னால்தான் வரும், ஆனால் அழகு, வயது, நல்லது கெட்டது, உருவ அளவு சொல்லும் சில சின்னச் சொற்கள் முன்னால் நிற்கும். அதனால்தான் அக்கா மா க்ரான்த் ஸெர், உங்களைவிடக் குள்ளமாக இருந்தாலும் அவள் க்ரான்த்தான். இதையே ஸெர் எய்னே என்றால் 'மூத்த' பின்னால் போய்விடும்.
அப்புறம் வயதான மாமா. வியூ ஓன்க்ள் என்று எழுதாதீர்கள், உயிரொலிக்கு முன்னால் ஆண்பாலுக்குத் தனி வடிவம் உண்டு, வியேய் ஓன்க்ள். வயதான அத்தைக்கும் வியேய் தான்ட், உச்சரிப்பு அச்சு அசலாக ஒன்றே, எழுத்துதான் வேறு. கேட்டு எழுதும் தேர்வில் கவிழ்வது இங்கேதான்.

தூக்கணாங்குருவி:
நன்றி, பாட்டியை மன்னித்துவிட்டேன். பெத்தீத்-ஃபீய் என்றால் பேத்தி, கோடு இல்லாவிட்டால் சின்னப் பெண் என்று போட்டிருக்கிறதே, பேச்சில் கோடு எப்படிக் கேட்கும்?

கடைசிபெஞ்ச்:
கேட்காது. சொல்பவரின் வயதைப் பாருங்கள்.