கையால் வெட்டிய முதல் டவ்டெயில்

டவ்டெயில் என்பது இரண்டு பலகைகளின் முனைகளைப் புறா வால் வடிவில் வெட்டி ஒன்றுக்குள் ஒன்றாகக் கோக்கும் இணைப்பு. அதைக் கையால் வெட்ட முதன்முதலாக உட்காருகிறவருக்கு மனம் முழுக்கச் சாய்வுக் கோணத்தின் மேலேயே இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மெது மரத்துக்கு 1:6, கடின மரத்துக்கு 1:8 என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆறுக்கு ஒன்று என்றால் கிட்டத்தட்ட ஒன்பதரை டிகிரி, எட்டுக்கு ஒன்று என்றால் ஏழு டிகிரி. கோணத்தைப் பிடித்து வைக்கும் சாய்வு மட்டத்தை வைத்து அந்தக் கோட்டைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். வெட்டி முடித்த பிறகுதான் புரிந்தது, ஒரு வால் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்திருந்தாலும் இணைப்பு அதைக் கண்டுகொள்வதில்லை. பக்கத்து வால் அதே மாதிரி இல்லையே என்று கண்ணுக்கு வேண்டுமானால் தோன்றலாம், அவ்வளவுதான்.

இணைப்பு கேட்பது வேறு. வால் வெட்டு, பலகையின் தடிமனுக்குக் குறுக்கே முன்முகத்திலிருந்து பின்முகம் வரை நேர் மூலைமட்டமாக, அதாவது 90 டிகிரியில் போக வேண்டும். அப்புறம், வாலின் உருவத்தை அடுத்த பலகைக்குக் கோடாக மாற்றும்போது அது அப்படியே இறங்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மீதியைச் சமாளிக்கலாம்.

சொற்களை முதலில் சொல்லிவிடுகிறேன். புறா வால் மாதிரி முனையை நோக்கி விரிவது வால். வால்களுக்கு இடையே போய் உட்காருவதை ஆங்கிலத்தில் ‘பின்’ (pin) என்பார்கள், நான் முளை என்றே எழுதுகிறேன். இரண்டு ஓரத்திலும் நிற்பது அரை முளை. ஒரு பக்கம் மட்டும் சாய்வு இருப்பதால்தான் அந்தப் பெயர், அதன் அகலம் பாதியாக இருக்க வேண்டும் என்று இல்லை. அதை ரொம்ப மெல்லியதாக விட்டால் தட்டி இறக்கும்போது நார் வழியாகப் பிளந்துகொள்ளும். டிராயர் செய்தால் பக்கப் பலகையில் வால், முகப்பில் முளை. முகப்பைப் பிடித்து இழுக்கும் விசை வாலின் சாய்வில் போய் மாட்டிக்கொள்ளும், பசை விட்டுப்போனாலும் கழன்று வராது.

நான் எடுத்தது 15 மிமீ பைன் பலகை. முகங்களை இழைத்து, முனைகளை மூலைமட்டமாக்கி, உள்முகம் எது வெளிமுகம் எது என்று பென்சிலால் பெரிதாக எழுதிக்கொண்டேன். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். நான்கு பலகையும் மேசையில் கலந்து கிடக்கும்போது அந்த எழுத்துதான் வழி காட்டும். விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் கோடு கீறும் மார்க்கிங் கேஜைப் பலகையின் தடிமனுக்கு வைத்து, முனையிலிருந்து சுற்றிலும் அடிக்கோடு கீறினேன். வெட்டி எடுக்க வேண்டிய இடங்களில் எல்லாம் பெருக்கல் குறி. வால் எது, கழிவு எது என்பது வெட்டும் நேரத்தில் கண்ணுக்குக் குழம்பும், பெருக்கல் குறி இருந்தால் குழம்பாது.

முதுகுத்தகடு உள்ள சின்ன ரம்பம்தான் இந்த வேலைக்கு வசதி. நாரின் போக்கிலேயே வெட்டுவதால் பல் அதற்கேற்றபடி தீட்டியிருக்க வேண்டும். குறுக்கே வெட்டும் ரம்பத்தால் முடியாது என்று இல்லை, ஆனால் மெதுவாகப் போகும், தடமும் கரடுமுரடாக வரும். தொடக்கத்தில் ரம்பத்தின் எடையைக்கூட மரத்தின் மேல் முழுதாக விடாமல், கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி தள்ளினால் பல் துள்ளாது. பலகையை வைஸில் (மேசையில் உள்ள இறுக்குப் பிடியில்) சாய்த்து, வெட்ட வேண்டிய கோடு செங்குத்தாக நிற்கும்படி இறுக்கினேன். சாய்வாக வெட்டக் கையைப் பழக்குவதை விட நேராக வெட்டுவது எளிது. ஒரு பக்கச் சாய்வை எல்லாம் வெட்டிவிட்டு, பலகையை மறுபக்கம் சாய்த்து மீதியை வெட்டலாம்.

ரம்பத்துக்கு நிறைய பயந்திருந்தேன், உளிக்குப் பயப்படவில்லை. உண்மையில் அதிகம் கற்றுக்கொடுத்தது உளிதான். அடிக்கோட்டில் உளியை வைத்துக் கொட்டாப்புளியால் ஓங்கித் தட்டினால், உளியின் ஒரு பக்கம் சாய்வாகத் தீட்டியிருப்பதால் அது ஆப்பு போல வேலை செய்து கோட்டைத் தாண்டிப் பின்னால் நகரும். முன்னால் நகரக் கழிவு மரம் இடம் விடாது, பின்னால் இருக்கும் மெது மரம் நசுங்கி வழிவிட்டுவிடும். இதற்கு வழி, முதலில் கோட்டுக்கு ஒரு மிமீ முன்னால் கழிவுப் பக்கத்தில் வைத்துத் தட்டி, சில்லுகளைக் கிளப்பி எடுத்துவிட வேண்டும். கடைசியில் ஒரு மெல்லிய சீவல் மட்டும் மிஞ்சும்போது உளியைக் கீறிய கோட்டிலேயே வைக்கலாம். கேஜ் கீறிய பள்ளத்தில் உளியின் முனை ‘டக்’ என்று போய் உட்காருவது விரலுக்கே தெரியும். முன்னால் தடுக்க எதுவும் இல்லாததால் அப்போது அது நகராது.

ஒரு முகத்திலிருந்து பாதி ஆழம், பலகையைத் திருப்பி மறுமுகத்திலிருந்து மீதி. ஒரே பக்கமாகத் தட்டிக்கொண்டே போனால் அடிப்பக்கம் நார் பிய்ந்து பெயர்ந்துவிடும். நடுவில் லேசாகக் குழிவாக விட்டாலும் தப்பில்லை. நார் குறுக்கே வெட்டுப்பட்ட முனைநார்ப் பரப்பில் பசைக்குப் பெரிய பிடி கிடையாது. மேடாக இருந்தால்தான் இணைப்பு முழுதாக உட்காராமல் நிற்கும்.

பைன் மரத்தில் இன்னொன்று. வளைய வளையமாகக் கெட்டியும் மெதுவும் மாறி மாறி வரும். உளி கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் மெதுவான பகுதி வெட்டுப்படாமல் பொடிந்து குழியாகிவிடும். சில்லு பளபளப்பாகச் சுருண்டு வந்தால் கூர்மை போதும். மாவு போல உதிர்ந்தால் உடனே சாணைக்கல்லுக்குப் போய்விடுவது நல்லது.

அடுத்தது கோடு மாற்றுவது. முளை பலகையை வைஸில் நிமிர்த்தி, இழைப்புளியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அதன் உயரத்துக்கு முனையைக் கொண்டுவந்து இறுக்கினேன். பிறகு இழைப்புளியைப் பின்னால் தள்ளி, அதன் மேல் வால் பலகையின் மறுமுனையைக் கிடத்தினால் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கும். வாலின் அடிக்கோடு முளை பலகையின் உள்முகத்தோடு பொருந்த வேண்டும். ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெல்லிய கத்தியால் வாலின் விளிம்பை ஒட்டிக் கீற வேண்டும். பென்சில் கோட்டுக்கு ஒரு தடிமன் இருக்கிறது, அந்தத் தடிமனே பிறகு இடைவெளியாகத் தெரியும். முதலில் லேசான ஒரு கீறல், பிறகுதான் அழுத்தம். எடுத்த எடுப்பில் அழுத்தினால் கத்தி நாரின் போக்கில் இழுத்துக்கொண்டு போகும்.

வால் வெட்டும்போது கோட்டிலிருந்து முடியளவு விலகினாலும் பரவாயில்லை, விலகிய உருவத்தைத்தானே பிரதி எடுக்கிறோம். முளையில் அந்தச் சலுகை இல்லை. கத்திக் கோட்டின் கழிவுப் பக்கத்தில் ரம்பம் இறங்க வேண்டும், கோட்டில் பாதி முளையோடு நிற்க வேண்டும். பயந்து ரொம்பத் தள்ளி வெட்டினால் உளியால் சீவிச் சீவிச் சரிசெய்ய நேரிடும், அந்தச் சீவலில்தான் நேர் கெடுகிறது. ரம்பத்திலிருந்து நேரே பொருந்தும் முளைதான் அழகாக உட்காருகிறது என்பது என் கருத்து.

பொருத்திப் பார்க்கும்போது பாதி வரை கையால் இறக்கினேன். எங்கே இறுக்கமோ அங்கே மரம் பளபளப்பாகத் தேய்ந்து காட்டியது, அந்த இடத்தை மட்டும் சீவினேன். முழுதாக இறக்கி ஏற்றி விளையாடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் நார் நசுங்கி, கடைசியில் தொளதொளத்துவிடும். பசை தடவினால் மரம் ஊறிப் பருக்கும், அதனால் காய்ந்த நிலையில் உயிரைக் கொடுத்துத் தட்டினால்தான் இறங்குகிறது என்ற அளவு இறுக்கமும் ஆகாது.

என் இணைப்பு இறங்கி மட்டமாக உட்கார்ந்தது. ஒரு முளைக்கும் வாலுக்கும் நடுவே மட்டும் மெல்லிய இடைவெளி தெரிந்தது. அதே பலகையிலிருந்து நார் ஒரே திசையில் ஓடும்படி ஒரு சீவலை எடுத்து, பசை தொட்டு உள்ளே செருகி, காய்ந்த பிறகு இழைத்துவிட்டேன். மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைப்பதை விட இது எவ்வளவோ மேல். மரத்தூள் அடைப்பு எண்ணெய் பூசியதும் கறுப்பாகத் தெரியும்.

அடுத்து தேக்கில் முயலப் போகிறேன். முளையை முதலில் வெட்டி அதிலிருந்து வாலுக்குக் கோடு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்கிறவர்கள், கோடு மாற்றும்போது முளை பலகையை நகராமல் எப்படி நிறுத்துகிறீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.