நங்கநல்லூர் பக்கம் ஜிம்: வருடச் சந்தாவா, மாதக் கட்டணமா?

நங்கநல்லூர் அக்கா:
வயது 46. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன், ஊசி இல்லை. காலை நடை விடாமல் போகிறேன். போன முறை டாக்டர், நடை மட்டும் போதாது, வாரத்தில் இரண்டு நாளாவது எடை தூக்கிப் பழகுங்கள் என்று சொல்லிவிட்டார். விசாரித்ததில் இரண்டு இடம் தேறியது. ஒன்று வேளச்சேரியில் பெரிய ஜிம். ஏசி, பெண் பயிற்சியாளர்கள், உடை மாற்றத் தனி அறை எல்லாம் உண்டு. வருடத்துக்கு 18,000, மாதமாகக் கட்டினால் 3,000. இன்னொன்று அடுத்த தெருவில் மாடியில் இருக்கும் சின்ன ஜிம். மாதம் 1,000. ஒரே மாஸ்டர். பெண்களுக்கான நேரம் காலை 11 முதல் 1 வரை. நான் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், வீடு திரும்ப நாலரை ஆகும். வேளச்சேரியில் ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டினால்தான் இந்த விலை என்கிறார்கள். என்ன செய்யலாம்?

தண்டால்:
அக்கா, ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டாதீர்கள். அந்த விலை அடுத்த மாதமும் இருக்கும், பொங்கலுக்கு இன்னும் குறையும்.

நங்கநல்லூரிலிருந்து வேளச்சேரிக்கு மாலை ஆறு மணிக்கு வண்டியில் போய்ப் பாருங்கள். தூரம் குறைவுதான், நேரம் குறைவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கம் தண்ணீர் தேங்கினால் அந்த இரண்டு மாதமும் போன மாதிரிதான். வருடச் சந்தாவில் அந்த நாட்களுக்கும் நீங்கள்தான் பணம் கொடுக்கிறீர்கள். நடந்தே போகிற தூரத்தில் ஒரு கூடம் இருக்கும்போது வேறு எதையும் யோசிக்க வேண்டாம் என்பது என் கட்சி.

தில்லை கங்கா நகர்:
தண்டால் சார், நீங்கள் ஆண் என்பதால் தூரத்தை முதலில் வைக்கிறீர்கள். நான் பெண், எனக்கு நேரமும் இடமும்தான் முதலில். அடுத்த தெருவில் இருந்து என்ன, அக்காவுக்கு அந்தக் கதவு 11 முதல் 1 வரைதானே திறக்கிறது? அந்த நேரத்தில் வேலைக்குப் போகிற பெண் எப்படிப் போவாள்? ஆறு மணிக்குப் போனால் சுற்றிலும் இருபது பையன்கள், பாட்டுச் சத்தம், உடை மாற்ற இடம் கிடையாது, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் சரியாக இருக்காது. குனிந்து எடை தூக்கும்போது யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பிலேயே பாதிப் பயிற்சி போய்விடும். பெரிய ஜிம்மில் நாங்கள் கட்டும் கூடுதல் பணம் ஏசிக்கு என்று நினைக்காதீர்கள். அது அந்த நிம்மதிக்கு.

மீனம்பாக்கம் பெரியவர்:
பணமே வேண்டாம் அம்மா. மாநகராட்சிப் பூங்காக்கள் பலவற்றில் திறந்தவெளிக் கருவிகள் இருக்கின்றன. 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்று என 8 கிலோமீட்டர் நடைபாதை போட்டிருக்கிறார்கள். வீட்டில் பஸ்கி, தண்டால். எங்கள் காலத்தில் தேகப்பயிற்சிச் சாலைகளில் கரலாக்கட்டை சுற்றியே உடம்பைக் கட்டினார்கள்.

பிசியோ தங்கை:
ஐயா சொல்வதில் நடைக்கு மறுப்பே இல்லை. ஆனால் அக்காவின் டாக்டர் கேட்டது நடை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த வழிகாட்டுதலில் வயது வந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசையை வலுவாக்கும் பயிற்சி என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறார்கள். ஒன்றைச் செய்தால் மற்றது ஆகிவிடாது. சாப்பாட்டிலிருந்து வரும் குளுக்கோஸில் பெரிய பங்கு போய்ச் சேர வேண்டிய இடம் தசைதான். முப்பது வயதுக்கு மேல் தசை தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அதைத் தடுக்க எடை ஏறிக்கொண்டே போக வேண்டும். பூங்காவில் இருக்கும் கருவிகளில் பெரும்பாலானவை உங்கள் உடம்பின் எடையில் ஓடுபவை, எடையைக் கூட்ட வழியில்லை. முதல் மாதத்துக்கு அது போதும், அப்புறம் போதாது. வீட்டில் செய்யும் பஸ்கிக்கும் இதேதான்.

அக்கா, மாத்திரைப் பெயர் கிளிமிபிரைடு வகையா என்று பாருங்கள். அந்த வகை என்றால் பயிற்சியின்போது சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு. அளவு 70-க்குக் கீழே இறங்கினால் உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ குடிக்க வேண்டும். மாலையில் பட்டினியாகப் போகாதீர்கள். எந்த ஜிம்மாக இருந்தாலும் மாஸ்டரிடம் உங்களுக்குச் சர்க்கரை இருப்பதை முதல் நாளே சொல்லுங்கள். அவர் அதற்கு என்ன பதில் சொல்கிறார் என்பதிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

மடிப்பாக்கம் ஜிம்காரர்:
நான் சின்னதாக ஒரு ஜிம் நடத்துகிறேன். வருடச் சந்தா என்றாலே ஏமாற்று என்பதுபோல் தண்டால் தம்பி எழுதுகிறார், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இடத்து வாடகையும் கரண்ட் பில்லும் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். மொத்தமாக வரும் வருடப் பணத்தில்தான் கருவிகளுக்குக் கேபிள் மாற்றுகிறேன், புது டம்பெல் வாங்குகிறேன். மாதக் கட்டணத்தில் இருப்பவர் பரீட்சை, கல்யாணம், மழை என்று ஒரு மாதம் நின்றால் மூன்று மாதம் நிற்கிறார். பணம் கட்டிவிட்டோமே என்ற நினைப்பு ஆளை இழுத்து வருகிறது. என் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன்.

தண்டால்:
அண்ணா, உங்கள் செலவுக் கணக்கு நியாயம். ஆனால் பணம் கட்டினால் வருவார்கள் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் ஏழாயிரத்துச் சொச்சம் உறுப்பினர்களின் வருகைப் பதிவேட்டை அலசி 2006-இல் ஒரு பொருளாதார ஆய்வு வந்தது. 70 டாலருக்கு மேல் மாதச் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் போயிருக்கிறார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. அதே ஜிம்மில் ஒரு வருகைக்கு 10 டாலர் கணக்கில் பாஸ் வாங்கியிருக்கலாம். சேரும் நாளில் எல்லோரும் தான் அடிக்கடி வரப்போவதாகத்தான் நினைக்கிறார்கள்.

தில்லை கங்கா நகர்:
அந்த ஆய்வு உங்களுக்கே எதிராக இருக்கிறதே சார்? அவர்கள் ஏமாந்தது மாதச் சந்தாவில்தானே?

தண்டால்:
நல்ல கேள்வி. அங்கே மாதச் சந்தா தானாகவே புதுப்பிக்கப்படும், நிறுத்தச் சொல்கிற வரை பணம் போய்க்கொண்டே இருக்கும். நம் தெரு ஜிம்மில் ஒவ்வொரு மாதமும் நீங்களே கையால் ஜிபே பண்ண வேண்டும். போன மாதம் போனோமா என்ற கேள்வி அந்த நேரத்தில் வந்தே தீரும். அதனால் என் வாதம் 'மாதம்' என்பதில் இல்லை, வெளியே வர வழி இருக்கிறதா என்பதில். வேளச்சேரியில் மாதக் கட்டணம் என்றால்கூட ஆட்டோ டெபிட் கேட்டால் கொடுக்காதீர்கள் அக்கா.

என் வீட்டிலேயே நடந்தது. தங்கை ஒரு பெரிய ஜிம்மில் வருடத்துக்குக் கட்டினாள். கர்ப்பம் என்று தெரிந்ததும் மீதியைத் திருப்பிக் கேட்டோம். பணம் திரும்பாது, வேறு பெயருக்கு மாற்றலாம், அதற்கும் தனிக் கட்டணம் என்றார்கள். கையெழுத்துப் போட்ட தாளில் எல்லாம் பொடி எழுத்தில் இருந்தது.

மடிப்பாக்கம் ஜிம்காரர்:
அப்படிச் செய்வது தப்பு, நானும் சொல்கிறேன். மருத்துவக் காரணம் என்றால் சந்தாவை நிறுத்திவைத்துத் தொடர விட வேண்டும். என்னிடம் அந்த வசதி உண்டு, ரசீதிலேயே எழுதித் தருகிறேன். எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். ரசீது தராத மாதக் கட்டண ஜிம்களும் இருக்கின்றன, அவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆதம்பாக்கம் கணக்கர்:
ரசீது பற்றி ஒரு விஷயம். ஜிம் கட்டணத்துக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பில்லில் இன்னும் 18 போட்டிருந்தால் கேளுங்கள். வருடத்துக்கு 20 லட்சத்துக்குள் வரவு உள்ள சின்ன ஜிம் ஜிஎஸ்டி பதிவே செய்யத் தேவையில்லை. பதிவு இல்லாதவர் வரி என்று தனியாக வாங்கவும் கூடாது. வேளச்சேரி 18,000 வரியோடு சேர்த்தா, இல்லாமலா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

தகராறு வந்தால் 1915 நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் 18,000-க்காக அலைய எத்தனை பேருக்கு நேரம் இருக்கிறது? அதனால் கட்டும் முன் கேட்பதுதான் சுலபம்.

தில்லை கங்கா நகர்:
பணத்தையே சுற்றிச் சுற்றிப் பேசுகிறோம். மாடி ஜிம்மின் மாஸ்டர் எங்கே படித்தார் என்று யாராவது கேட்டீர்களா? நம் நாட்டில் ஜிம் பயிற்சியாளராக வேலை பார்க்கக் கட்டாய உரிமம் எதுவும் இல்லை. கட்டுடல் போட்டியில் பரிசு வாங்கியவர் மாஸ்டராகிவிடுகிறார். அவர் உடம்பை அவர் வளர்த்தார், சரி. 46 வயதில் சர்க்கரையோடு வருகிற பெண்ணுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பார்? பெரிய இடத்தில் சான்றிதழ் பார்த்தாவது ஆள் எடுக்கிறார்கள்.

பிசியோ தங்கை:
சான்றிதழை நான் மதிக்கிறேன். நந்தனம் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி 1920-லிருந்து நடக்கிறது, அங்கே படித்தவர் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் என்னிடம் முதுகுவலி, தோள்வலி என்று வருபவர்களில் பெரிய ஜிம்மில் சான்றிதழ் வைத்திருப்பவரிடம் கற்றவர்களும் இருக்கிறார்கள். அங்கே பயிற்சியாளருக்குத் தனிப் பயிற்சி பேக்கேஜ் விற்க இலக்கு இருக்கும். அதை வாங்காதவர்களை முதல் வாரத்துக்குப் பின் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அக்கா, இரண்டு இடத்துக்கும் நீங்கள் போகப்போகிற அதே நேரத்தில் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். புதிதாக வந்தவர் எடையோடு பஸ்கி போடும்போது முழங்கால் உள்பக்கம் மடிகிறதா என்று பாருங்கள். மடிந்தால் மாஸ்டர் என்ன செய்கிறார்? எடையைக் குறைத்துத் திரும்பச் செய்யச் சொல்கிறாரா, செல்போனில் இருக்கிறாரா? அடுத்து டம்பெல் அடுக்கைப் பாருங்கள். சின்ன ஜிம்களில் 2.5 கிலோவுக்கு அடுத்து நேராக 5 இருக்கும். தோளுக்குச் செய்யும்போது பெண்களுக்கு அந்தத் தாவல் ரொம்பப் பெரிது. 3-ம் 4-ம் இல்லாவிட்டால் அங்கேயே மாதக்கணக்கில் தேங்கிவிடுவீர்கள். மேலிருந்து இழுக்கும் கருவியில் கேபிளின் பிளாஸ்டிக் உறை பிய்ந்து கம்பி தெரிந்தால் அதில் உட்காரவே வேண்டாம்.

முதல் நாளே புரோட்டீன் பவுடர், தசை ஏற்றும் ஊசி என்று பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மீனம்பாக்கம் பெரியவர்:
தங்கை சொன்னபின் எடை விஷயத்தில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் ஜிம் கிடைத்துவிட்டது என்று காலை நடையை மட்டும் விட்டுவிடாதே அம்மா.

நங்கநல்லூர் அக்கா:
எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை மாடி ஜிம்முக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். மாஸ்டர் ஒரு காலேஜ் பையனின் முதுகு வளைவதைப் பார்த்து உடனே எடையை இறக்கச் சொன்னார், அது பிடித்தது. சர்க்கரை என்று சொன்னதும் என்ன மாத்திரை, எப்போது சாப்பிடுவீர்கள் என்று அவரே கேட்டார். டம்பெல்லில் 3, 4 இல்லை, கேட்டேன், பார்க்கலாம் என்றார். கழிப்பறை தில்லை கங்கா தோழி சொன்ன மாதிரியேதான். மாலை 5 முதல் 6 பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்க முடியுமா என்றதற்கு நான்கு பேர் சேர்ந்து வந்தால் வாரத்தில் மூன்று நாள் ஒதுக்கலாம் என்றார். எங்கள் பள்ளியில் இரண்டு ஆசிரியைகள் தயார். ஒருவர் இன்னும் வேண்டும்.

மடிப்பாக்கம் ஜிம்காரர்:
அந்த மாஸ்டர் நல்ல ஆள்போல இருக்கிறது. நான்கு பேரும் மூன்று மாதம் சேர்த்துக் கட்டுகிறோம் என்று சொல்லிப் பாருங்கள் அம்மா, 3-ம் 4-ம் தானாக வந்துவிடும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால்தான் அவரும் வாங்க முடியும்.

தண்டால்:
மூன்று மாதத்துக்கு நானும் ஒத்துக்கொள்கிறேன். டம்பெல் வந்த பிறகு கட்டுங்கள்.

தில்லை கங்கா நகர்:
நான் இன்னும் என் பக்கம்தான் அக்கா. தாழ்ப்பாளும் உடை மாற்ற ஒரு திரையும் போட்டுத் தந்த பிறகு சேருங்கள். சேர்ந்துவிட்டுக் கேட்டால் செய்ய மாட்டார்கள். அதைச் செய்து தந்தால் அந்த நான்காவது ஆளாக நானே வருகிறேன், எனக்கும் வேளச்சேரி தூரம்தான்.