செய்தியாளர் உங்களோடு பேசியதுண்டா? அனுபவத்தைப் பகிருங்கள்

ஈசூன் செய்தியாளர்:
சிங்கப்பூரில் தமிழ்ச் செய்தித்துறையில் வேலை செய்கிறேன். செய்தியின் இணைப்பை ஃபேஸ்புக்கில் ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எழுதி முடித்த பின் வாசகரைத் தேடுவதைவிட, எழுதத் தொடங்கும் முன்பே அவர்களிடம் போய்விட வேண்டும்.

தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத உயர்நிலை மாணவர்களைப் பற்றி ஒரு கட்டுரைக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். பள்ளி முடிந்ததும் இவர்கள் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் போன்ற இடங்களுக்குப் போய்ப் படிக்கிறார்கள். பாடத்திட்டம் பற்றித்தான் கேள்விகளை எழுதி வைத்திருந்தேன். பெற்றோர் குழு ஒன்றில், "உங்கள் பிள்ளைக்குத் தமிழ் வகுப்பு உள்ள நாள் எப்படிப் போகிறது?" என்று மட்டும் கேட்டேன். பாடத்திட்டத்தைப் பற்றி யாருமே பேசவில்லை. விளையாட்டு, கலை போன்ற இணைப்பாட நடவடிக்கையும் தமிழ் வகுப்பும் ஒரே நாளில் வந்துவிடுகின்றன என்றார் ஒரு தாய். எம்ஆர்டி ரயிலில் சாப்பிடக் கூடாது என்பதால் மகள் பசியோடுதான் வகுப்புக்குள் நுழைகிறாள் என்றார் இன்னொருவர். கட்டுரை அப்படியே திசை மாறியது. வெளியான அன்று, பதில் சொன்ன ஒவ்வொருவருக்கும் அவரவர் கருத்துக்குக் கீழேயே அதை அனுப்பினேன். அடுத்த கட்டுரைக்கு அவர்களே விஷயம் கொண்டுவந்தார்கள்.

உங்களுக்கு எப்படி? நல்லதோ கெட்டதோ, சொல்லுங்கள்.

கிராஞ்சி ஊழியர்:
அக்கா, நான் கட்டுமானத்தில் இருக்கிறேன். 2020 ஏப்ரலில் கிருமித்தொற்று பரவியபோது, முதலில் பொங்கோலிலும் தோ குவானிலும் இருந்த இரண்டு வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளைத் தனிமைப்படுத்தினார்கள். பிறகு எங்கள் விடுதியிலும் வெளியே போக முடியவில்லை. ஊரில் அம்மா வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ காணொளியைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே இருந்தார்.

அப்போது ஒரு செய்தியாளர், வெளிநாட்டு ஊழியர்கள் இருக்கும் ஃபேஸ்புக் குழுவில் தன் பெயரையும் வேலை செய்யும் இடத்தையும் சொல்லி, "உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?" என்று தமிழில் கேட்டார். எங்களிடம் செய்தி கேட்காமல், எங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். சம்பளம் வருமா, பரிசோதனை எப்போது, ஊருக்குப் பணம் அனுப்புவது எப்படி என்று வரிசையாகக் கேட்டோம். விசாரித்து, தெரிந்ததைத் தெரிந்தது என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார்.

நான் அனுப்பிய படத்தில் நண்பனின் வேலை அனுமதி அட்டை தெரிந்தது. "தம்பி, இதைப் போட்டால் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள், வேறு படம் இருக்கிறதா?" என்று இரவில் அழைத்துச் சொன்னார். எங்கள் வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் இங்கே இருக்கும் உரிமையும் போய்விடும். அதை அவர் சொல்லாமலே புரிந்துவைத்திருந்தார். அவர் எழுதுவதை இன்றும் எங்கள் அறையில் எல்லோரும் படிக்கிறோம்.

தேக்கா பெரியவர்:
தம்பி எழுதியதைப் படித்ததும் கோ. சாரங்கபாணிதான் நினைவுக்கு வந்தார். 1935இல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கிய அவர், 1950களில் அதன் மாணவர் பகுதியான மாணவர் மணிமன்ற மலரில் பள்ளிப் பிள்ளைகளையே எழுத வைத்தார். அப்படி எழுதத் தொடங்கியவர்கள் பலர் பின்னாளில் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆனார்கள். வாசகனை எழுதத் தெரிந்தவனாக மதித்தார் அவர். கையில் இவ்வளவு வசதி இருந்தும், வாசகனை விருப்பக்குறி அழுத்துபவனாக மட்டும் இன்று பலர் பார்ப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

பொங்கோல் வாசகி:
எனக்குக் கெட்டதும் உண்டு, நல்லதும் உண்டு. தைப்பூசத்தன்று வந்த ஒரு பதிவில், பால்குடங்கள் தேங் ரோடு தண்டாயுதபாணி கோயிலிலிருந்து புறப்படுவதாக எழுதியிருந்தார்கள். சிராங்கூன் ரோடு ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டுத்தான் தேங் ரோட்டுக்குப் போகிறோம் என்று பணிவாகவே எழுதினேன். என் கருத்தை நீக்கிவிட்டார்கள். பதிவு அப்படியே இருந்தது. வேறொரு செய்தியாளரிடம் வேறொரு பிழையைச் சொன்னபோது, திருத்தியதோடு, எது திருத்தப்பட்டது என்பதையும் பதிவின் மேலேயே எழுதினார். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்போது அவருடைய செய்திகளை மட்டும்தான் பகிர்கிறேன்.

ஈசூன் செய்தியாளர்:
கருத்தை நீக்கியது எனக்கும் கோபத்தைத்தான் தருகிறது, அக்கா. பிழை சொல்ல வருபவர் முழுக்கப் படித்தவர்; அவரைத்தான் முதலில் தக்கவைத்துக்கொள்ள வேண்டும்.

கிராஞ்சித் தம்பி, உங்கள் நண்பர்களையும் இங்கே அழைத்து வாருங்கள். பெயர் வேண்டாம். இரவு நேர வேலை பார்க்கும் தாதியரும் பேருந்து ஓட்டுநர்களும் இன்னும் யாரும் பேசவில்லை. வேலை முடிந்து எந்த நேரத்தில் எழுதினாலும் பதில் தருகிறேன்.