லித்தியம் டெட்ராபோரேட் இழையின் நடுவே பால் கோடு: வழி சொல்லுங்கள்

வணக்கம். 532 நானோமீட்டர் பச்சை லேசரை 266 புற ஊதாவாக மாற்ற, மைக்ரோ புல்லிங் டவுன் முறையில் (மூசையின் அடித்துளை வழியே உருகலைக் கீழ்நோக்கி இழுத்துப் படிகமாக்கும் முறை) லித்தியம் டெட்ராபோரேட் படிக இழை இழுக்கிறோம். பிளாட்டினம் மூசை, அடியில் 0.6 மி.மீ. துளை, சி அச்சில் (படிகத்தின் முதன்மைத் திசைகளுள் ஒன்று) வெட்டிய விதைப் படிகம். தொடக்கத்தில் இழை பளிச்சென்று தெளிவாக வருகிறது. பிறகு நடுவில் பால் நிறக் கோடு விழுந்து கடைசிவரை போகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் அத்தனையும் வரிசையாகக் குமிழிகள்.

10 கிராம் பொருளுக்கு லித்தியம் கார்பனேட் 4.37, போரிக் அமிலம் 14.62 கிராம். 200 டிகிரியில் ஈரத்தை விரட்டி, 650-இல் சுட்டு, பிறகு உருக்குகிறோம். உருகுநிலை 917 டிகிரி. 950 வரை ஏற்றுகிறோம். உருகல் தேன்போல இழுபடுவதால் நீராவியும் கரியமில வாயுவும் உள்ளேயே சிக்குகின்றன என்பது எங்கள் கணிப்பு. இழுக்கும் வேகத்தைக் கூட்டினால் இன்னும் மோசம்: படிகமாகாமல் வெறும் கண்ணாடியாக உறைகிறது. அந்த இழையைக் குறுக்குப் போலராய்டுகளுக்கு (ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பிய இரு ஒளிமுனைவாக்கித் தகடுகள்) இடையே பக்கவாட்டில் வைத்துச் சுழற்றினால் இருட்டு விலகுவதே இல்லை; படிகமானால் ஒளி விட்டுவிட்டுத் தெரிய வேண்டும்.

உருகலை வெற்றிடத்தில் வைத்து வாயு நீக்கியவர்கள் உண்டா? அப்போது ஆவியிழப்பால் விகிதம் கெடாமல் இருக்க போரிக் அமிலம் எவ்வளவு கூடுதலாகச் சேர்த்தீர்கள்? துளைக்குக் கீழே, வெளிவரும் இழையைச் சூடாக வைக்கும் துணைச் சூடேற்றி எவ்வளவு நீளம்? உருகல் துளையின் வெளிப்பக்கம் ஏறிப் படர்ந்து இழையின் விட்டத்தையும் மாற்றுகிறது. அதைத் தடுக்கும் துளை வடிவம் தெரிந்தால் படத்தோடு போடுங்கள்.