புது பிக்கப்பில் பின்பக்கம் ‘டக்’ சத்தம், எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

ஒட்டன்சத்திரம் லோடு:

வணக்கம். பிக்கப் எடுத்து ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் 9,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. டீசல் வண்டி, பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய பட்டை ஸ்பிரிங்). மார்க்கெட்டிலிருந்து பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகிறேன், திரும்பும்போது காலி கிரேட் மட்டும்தான்.

கொஞ்ச நாளாக வண்டியை நகர்த்தும்போது பின்னாலிருந்து ஒரு ‘டக்’ கேட்கிறது. ரிவர்ஸ் எடுத்துவிட்டு முதல் கியர் போட்டால் கண்டிப்பாக வரும். பிரேக் பிடித்து வண்டி முழுசாக நிற்கும் அந்த நொடியில் இன்னொரு ‘டக்’, ஆனால் இது கொஞ்சம் மெதுவானது. லோடு இருக்கும்போது குறைவு, காலியாக வரும்போது காலடியிலேயே தெரிகிறது. இதில்லாமல் 60, 70 வேகத்தில் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல், அது எப்போதிலிருந்து இருக்கிறது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. சர்வீஸில் சொன்னேன், ஓட்டிப் பார்த்துவிட்டு லோடு வண்டியில் இதெல்லாம் இருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள். கடன் போட்டு எடுத்த வண்டி, நடுவழியில் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது?

திருச்சி பட்டறை:

தம்பி, ‘டக்’ வேறு, இரைச்சல் வேறு. ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் நல்ல பார்ட்ஸையும் கழற்ற வேண்டி வரும். முதலில் ‘டக்’.

இன்றைக்கே பார்க்க வேண்டியது யூ போல்ட், அதாவது ஸ்பிரிங் பட்டைகளை ஆக்ஸிலோடு சேர்த்து இறுக்கும் U வடிவ போல்ட். மற்றவையெல்லாம் அப்புறம். புது ஸ்பிரிங் பட்டைகள் லோடு ஏறி இறங்கி ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது, இடையில் இருக்கும் பெயின்ட் தேய்ந்து போல்ட்டின் பிடி கொஞ்சம் விட்டுப்போகும். அதனால்தான் ஆரம்ப சர்வீஸில் யூ போல்ட்டை மறுபடி டைட் வைக்கச் சொல்கிறார்கள், பல இடத்தில் ஜாப் கார்டில் டிக் மட்டும் விழும், ரெஞ்ச் படாது. நட்டைச் சுற்றிப் பெயின்ட் வெடித்திருக்கிறதா, பட்டை உட்காரும் இடத்தில் செம்பழுப்பாகத் தூள் வந்திருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் இரும்பு பளபளவென்று தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இதில் ஏதாவது இருந்தால் லோடு ஏற்ற வேண்டாம். யூ போல்ட் லூஸாக இருந்தால் நடுவில் இருக்கும் சென்டர் போல்ட் ஒன்றுதான் ஆக்ஸிலைப் பிடித்துக்கொண்டிருக்கும், அது வெட்டுப்பட்டால் ஆக்ஸில் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும்.

டைட் வைக்கும்போது வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்க வேண்டும், சேஸிஸை ஜாக்கியில் தூக்கித் தொங்கவிட்டு வைத்தால் பிடி சரியாக வராது. டார்க் ரெஞ்சில் (இறுக்கும் அளவைக் காட்டும் ரெஞ்ச்) கம்பெனி கொடுத்த அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள்.

யூ போல்ட் சரியாக இருந்தால் அடுத்து புரொப்பல்லர் ஷாஃப்ட், அதாவது கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளமான தண்டு. சமதரையில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஷாஃப்ட்டைக் கையால் இரண்டு பக்கமும் முறுக்குங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது கிரவுன் (பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் பல்சக்கரம்) பல்லுக்கு இயல்பாக வேண்டிய இடைவெளி. ஆனால் கிராஸும் (ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் சிலுவை வடிவத் துண்டு) அதைப் பிடித்திருக்கும் யோக்கும் சேர்ந்து அசையாமல் தனித்தனியாக அசைந்தால் கிராஸ் போய்விட்டது. ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் இருந்தால் அதன் ரப்பரையும் கையால் தூக்கிப் பாருங்கள், கிழிந்திருந்தால் தெரியும். இன்ஜின் ஓடும்போது யாரும் அடியில் போகக் கூடாது.

கம்பம் டிரைவர்:

பட்டறை அண்ணன் சொன்ன வரிசையில்தான் நானும் பார்ப்பேன். அதற்கு முன்னால் ஸ்டெப்னியைக் கையால் ஆட்டிப் பாருங்கள், சங்கிலி கொஞ்சம் தளர்ந்தாலே காலி வண்டியில் பெரிய சத்தம் வரும். தார்பாய் கட்டுவதற்காக வெளியில் கம்பி வைத்திருந்தால் அதன் போல்ட், பின்கதவுக் கொண்டி, கீல் எல்லாமே சந்தேகத்துக்கு உரியவைதான்.

இரைச்சலுக்கு என் வழி இது. யாருமில்லாத நேரான ரோட்டில் 65இல் போகும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பாருங்கள். விட்டதும் சத்தத்தின் தன்மை மாறினால் கிரவுன் பக்கம். மாறவில்லை என்றால் வண்டியை லேசாக இடது, வலது என்று வளைத்துப் பாருங்கள். இடது பக்கம் திருப்பும்போது எடை வலது சக்கரங்களில் இறங்கும், அப்போது சத்தம் கூடினால் வலது வீல் பேரிங்கைப் பார்க்க வேண்டும். தார் ரோட்டிலிருந்து கான்கிரீட் ரோட்டுக்கு மாறும்போது மட்டும் சத்தம் மாறினால் அது டயர்.

ஓசூர் சர்வீஸ்:

கணக்காகப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். வண்டி 10 கிலோமீட்டர் வேகத்தில் உருளும்போது சக்கரம் வினாடிக்கு ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்றும். கிரவுன் விகிதம் 4க்கு 1 அளவில் இருந்தால் ஷாஃப்ட் அதைப்போல நான்கு மடங்கு சுற்றும். அந்த வேகத்தில் ஒரு சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் எண்ணிப் பாருங்கள்: வினாடிக்கு ஒன்று என்றால் சக்கரம், டிரம், டயர்; நான்கைந்து என்றால் ஷாஃப்ட்டும் கிராஸும்.

ஆனால் உங்கள் ‘டக்’ ஒரே ஒரு முறை வருவது, அதுவும் நிற்கும்போதும் கிளம்பும்போதும். எனக்கு ஸ்லிப் ஜாயின்ட் மேல்தான் சந்தேகம். கிளம்பும்போது லீஃப் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு கிரவுனின் மூக்கு (ஷாஃப்ட் வந்து சேரும் முனை) மேலே எழும், பிரேக் பிடித்தால் கீழே இறங்கும். அந்த அசைவுக்கு ஏற்ப ஷாஃப்ட்டின் நீளம் மாற வேண்டும், அதற்காகத்தான் ஸ்லிப் ஜாயின்ட்டில் பல் வெட்டியிருக்கிறார்கள். அங்கே கிரீஸ் இல்லை என்றால் பல் பிடித்துக்கொண்டு, விசை ஏறியதும் சட்டென்று விடும். அதுதான் அந்த ‘டக்’. லோடு ஏறினால் ஸ்பிரிங் படிந்து, பல் உட்காரும் இடமும் கோணமும் மாறிவிடும், அதனால் சத்தம் குறையலாம். கிரீஸ் நிப்பிள் இருந்தால் கன் வைத்து அடித்தாலே தெரிந்துவிடும்.

ஒட்டன்சத்திரம் லோடு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சர்வீஸில் கூடவே நின்று பார்த்தேன். இடது பக்க யூ போல்ட்டில் இரண்டு நட்டு நன்றாகத் திரும்பியது, வலது பக்கம் அசையவில்லை. டார்க் ரெஞ்ச் கேட்டு வாங்கி வைக்க வைத்தேன். கிளம்பும்போது வந்த பெரிய சத்தம் அதோடு போய்விட்டது. நிற்கும்போது வந்தது மட்டும் இருந்தது, ஸ்லிப் ஜாயின்ட்டில் கிரீஸ் அடித்த பிறகு அதுவும் இல்லை. இரைச்சல் அப்படியே இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் மாறவில்லை, இடது பக்கம் திருப்பும்போது கூடுகிறது.

திருச்சி பட்டறை:

யூ போல்ட்டைப் பார்த்தது நல்லதாகப் போயிற்று, அடுத்த கொஞ்ச ஓட்டத்துக்குப் பிறகு இன்னொரு முறை செக் பண்ணச் சொல்லுங்கள். இரைச்சலுக்கு வலது சக்கரம் ஒவ்வொன்றையும் தூக்கிக் கையால் சுற்ற வேண்டும். சுற்றும்போது இன்னொரு கையை ஸ்பிரிங் மேல் வையுங்கள், கரகரவென்று அதிர்வு வந்தால் பேரிங்தான். வாரண்டி இருக்கிறது, வெளியில் கழற்றாதீர்கள். “60 முதல் 70 வேகத்தில் இரைச்சல், இடது திருப்பத்தில் கூடுகிறது” என்று ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே எழுத வைத்து, ஓட்டிப் பார்க்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். “சத்தம் வருகிறது” என்று மட்டும் எழுதினால் மறுபடியும் அதே பதில்தான் வரும்.