தோல்விக்கு நடுவே கால்பந்து மேனேஜரை நம்பலாமா? நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

நள்ளிரவு ரசிகன்:
2021 ஆகஸ்டை, இங்கிலாந்து கிளப்பான ஆர்சனலின் எந்த ரசிகரும் மறக்க மாட்டார். பிரென்ட்ஃபோர்டிடம் 2-0, செல்சியிடம் 2-0, மான்செஸ்டர் சிட்டியிடம் 5-0. மூன்று மேட்சில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை, டேபிளில் கடைசி இடம். அதற்கு முந்தைய இரண்டு சீசனிலும் எட்டாவது இடம்தான் கிடைத்திருந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவே மேனேஜர், அதாவது தலைமைக் கோச், அர்டேட்டாவைத் துரத்தச் சொன்ன அந்த இரவில், அவருக்காகப் பேசியது நானும் இன்னொரு அண்ணனும் மட்டும்தான்.

அண்ணன் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது: "ஸ்கோரை விடு தம்பி. யாரை வாங்குறாங்க, யாரை அனுப்புறாங்கன்னு பாரு." அந்தக் கோடையில் வாங்கிய ஓடெகார்ட், பென் வைட், ராம்ஸ்டேல், டோமியாசு என்று ஒருவரும் 23 வயதைத் தாண்டவில்லை. சம்பளம் அதிகமாகி ஆட்டம் குறைந்துபோன சீனியர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். என்ன கட்டுகிறோம் என்று தெரிந்துதான் கிளப் பொறுத்திருந்தது. அந்த சீசன் ஐந்தாம் இடத்தில் முடிந்தது. அடுத்த மூன்று சீசனிலும் இரண்டாம் இடம். கோப்பை எங்கே என்று கேட்பவர்களுக்கும் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஆகஸ்டிலேயே அவரை அனுப்பியிருந்தால் இந்த அணியே உருவாகியிருக்காது.

லெஃப்ட் பேக்:
ஆடுபவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நான் லெஃப்ட் பேக்காக, அதாவது இடப்பக்க டிஃபெண்டராக, ஆடிய அமெச்சூர் அணியில் ஒரே சீசனில் கோச்சை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். முதல் ஆள் என்னை எதிரணி பாக்ஸ் வரை ஏறச் சொன்னார். அடுத்தவர் நடுக்கோட்டைத் தாண்டாதே என்றார். அதற்கடுத்தவர் மூன்று டிஃபெண்டர்களை வைத்து ஆடியதில் என் இடமே போய்விட்டது. புது கோச் வந்த முதல் ஒன்றிரண்டு மேட்சில் எல்லாரும் உயிரைக் கொடுத்து ஓடுவோம், ஜெயிப்போம். நிர்வாகம் பூரித்துப்போகும். பிறகு பழைய கதைதான், ஏனென்றால் எங்கள் மிட்ஃபீல்டில் பந்தைப் பிடித்து வைக்க ஆளே இல்லை. அதை எந்தக் கோச்சாலும் இரண்டு வாரத்தில் சரிசெய்ய முடியாது.

நெதர்லாந்து லீக்கை வைத்து பொருளாதார ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதே மாதிரி சரிந்தும் மேனேஜரை மாற்றாத அணிகள், மாற்றிய அணிகளைப் போலவேதான் மீண்டு வந்தன. படித்தபோது எங்கள் டிரெஸ்ஸிங் ரூம்தான் நினைவுக்கு வந்தது.

நீலச்சட்டை:
லெஃப்ட் பேக் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் செல்சி ரசிகையாக நான் பார்த்தது வேறு. 2021 ஜனவரியில் மேனேஜர் லாம்பார்டை அனுப்பியபோது அணி ஒன்பதாவது இடத்தில் கிடந்தது. ஒரு காலத்தில் எங்கள் கிளப்பின் மகத்தான வீரர் அவர்; மனசு கனத்தது. ஆனால் அணி கோல் வாங்கும் விதத்தில் வாரக்கணக்கில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அவருக்குப் பதிலாக டூக்கெல் வந்து பின்வரிசையை மூன்று பேராக்கினார், கதவு அடைத்ததுபோல் ஆயிற்று. மே மாதம் ஐரோப்பாவின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் கையில்.

அதே டூக்கெலை 2022 செப்டம்பரில், கோடை முழுவதும் அவரைக் கலந்து ஆட்களை வாங்கிவிட்டு, சீசன் தொடங்கி ஒரு மாதத்தில் அனுப்பினார்கள். அதற்கு எந்த நியாயமும் கிடையாது. ஐந்து ஆண்டு ஒப்பந்தம் கொடுத்துக் கொண்டுவந்த பாட்டரையும் ஏழு மாதத்துக்குள் அனுப்பி, 12-ஆம் இடத்தில் முடித்தோம். விளையாட்டில் முன்னேற்றம் தெரியாதபோது மாற்றுவது ஒரு முடிவு. முதலாளி மாறிய பதற்றத்தில் மாற்றுவது வெறும் கோபம்.

லெஃப்ட் பேக்:
லாம்பார்ட் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன் சகோதரி. டூக்கெல் பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை, இருந்த ஆட்களையே சரியாக நிறுத்தினார். எல்லா கிளப்புக்கும் அப்படி ஆட்கள் இருப்பதில்லை.

மழைநாள் ஆட்டம்:
என்னோடு வேலை பார்த்த ஜெர்மன்காரர், அந்நாட்டு கிளப்பான ஃப்ரைபுர்க்கின் ரசிகர். 2015-இல் கடைசி நாள் ஆட்டத்தில் தோற்று அவர்கள் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். திங்கட்கிழமை அவரிடம், "அடுத்த கோச் யாரு?" என்று கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை. "ஸ்ட்ரைஷ்தான், வேற யாரு?" என்றார். இறங்கியபோதும் கோச் அவர்தான். அடுத்த ஆண்டே இரண்டாம் டிவிஷன் சாம்பியனாக மேலே வந்தார்கள். 2022-இல் ஜெர்மன் கோப்பை இறுதி ஆட்டம் வரை போனார்கள். ஸ்ட்ரைஷ் 2024 வரை இருந்து, தானாகவே விடைபெற்றார்.